ஹெர்குலிஸுக்குக் கட்டுப்படியாவது என் லாரிக்கு ஏன் ஆகாது?

கேள்வி: செந்தூலில் மூன்று லாரி வைத்துத் தொழில் செய்கிறேன். மூத்த லாரிக்கு வயது 18. "வித்துத் தொலைங்கப்பா" என்கிறான் மகன். சுபாங் பக்கம் போனால் நாலு விசிறியோடு அந்தப் பழைய ராணுவச் சரக்கு விமானம் இன்னும் பறக்கிறது. அரசாங்கத்துக்குக் கட்டுப்படியாவது எனக்கு ஆகாதா?

பதில்: ஐயா, நீங்கள் பார்த்தது சி-130 ஹெர்குலிஸ். அந்த ரகம் முதலில் பறந்தது 1954-இல்; நம் மலேசிய விமானப்படைக்கு வந்தது 1976-இல். உங்கள் லாரி அதற்குப் பேரப்பிள்ளை!

அது கட்டுப்படியாவதற்கு முதல் காரணம், குறைவாக ஓடுவது. பயணிகள் விமானம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தால்தான் முதலாளிக்குக் காசு. ராணுவச் சரக்கு விமானத்துக்குப் பெரும்பாலும் சில நூறு மணி நேரம்தான். புதியது எண்ணெயை மிச்சப்படுத்தும், சரி. அந்தக் கொஞ்ச நேரத்து மிச்சம் புது விமானத்தின் விலையை என்றைக்கு அடைப்பது?

அடுத்தது உதிரி பாகம். இந்த ரக விமானத்தை இதுவரை 2,500-க்கும் மேல் செய்திருப்பதால் பாகம் கிடைப்பது எளிது. இதன் டி-56 இன்ஜினை ஓரியன் கடல் ரோந்து விமானத்திலும் பொருத்தினார்கள். பழுதுபார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. சுபாங்கிலேயே ஏரோட் என்ற விமானப் பழுதுபார்ப்பு நிறுவனம் இருக்கிறது. 2015-இல் ஏறக்குறைய இரு மடங்கு சுமக்கும் ஏ400எம் என்ற புது ராணுவச் சரக்கு விமானம் வந்த பிறகும் ஹெர்குலிஸை ஓரங்கட்டவில்லை. அரை லோடுக்குப் பெரிய வண்டி எடுத்தால் என்ன நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாததா?

ஆனால் இன்ஜினை மாற்றிக்கொண்டே இருந்தால் சாகாவரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2002-இல் கலிபோர்னியாவில் தீயணைக்கப் போன பழைய சி-130 ஒன்றின் இறக்கைகள் வானிலேயே முறிந்தன. மூவர் இறந்தார்கள். உலோகம் களைத்து விட்டிருந்த விரிசல்தான் காரணம். அதனால்தான் பல நாடுகள் இரு இறக்கைகளையும் தாங்கி உடலோடு சேர்க்கும் நடு இறக்கைப் பெட்டியையே பெருஞ்செலவில் மாற்றுகின்றன. உங்கள் லாரிக்கு அந்த இடம் சேசிஸ், அதாவது அடிச்சட்டம்.

தினமும் பினாங்குத் துறைமுகத்துக்கும் கோலாலம்பூருக்கும் ஓடுகிற வண்டியா? மகன் சொல்வதே சரி. டீசலிலேயே பணம் கரைகிறது. வாரத்தில் இரண்டு நாள் ஊருக்குள் மட்டும் ஓடுகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் கை வைக்குமுன் சேசிஸில் துருவும் விரிசலும் இருக்கிறதா என்று நல்ல வெல்டிங்காரரிடம் காட்டுங்கள். விரிசல் நீண்டிருந்தால் பேரம் பேசாமல் விற்றுவிடுங்கள். போன ஆண்டு எத்தனை நாள் பட்டறையில் கிடந்தது, அதனால் எந்த வாடிக்கையாளர் கைவிட்டுப் போனார் என்பதையும் மகனோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். விமானப்படைக்கு இந்தக் கடைசிக் கவலை கிடையாது.