மழைக்குச் சேறாகும் முற்றம்: வீடு விற்குமுன் என்ன செய்யலாம்?

கேள்வி: தெஹிவளையில் 8 பேர்ச் வளவு. முன்முற்றம் 20 அடிக்கு 15 அடி. மழை விட்ட பிறகும் வீட்டுச் சுவரடியில் தண்ணீர் நிற்கிறது. பாதி இடம் மாமர நிழல், அங்கே புல் பிடிக்கவே இல்லை. பொங்கல் கழிய வீட்டை ஆட்களுக்குக் காட்ட இருக்கிறோம். மாமரத்தைத் தறித்துவிட்டு முழுவதும் மலேசியன் புல் பதிக்கலாமா? கையில் பெரிய காசு இல்லை.

பதில்: மரத்தைத் தறிக்க வேண்டாம், முழுவதும் புல்லும் வேண்டாம். வீடு பார்க்க வருகிறவர் பூவைப் பார்க்குமுன் சுவரடி ஈரத்தைத்தான் பார்ப்பார். அதனால் முதல் காசு தண்ணீருக்குப் போகட்டும்.

இப்போது ஆகஸ்ட் கடைசி. ஐப்பசி மழைக்கு முன்னே மட்ட வேலையை முடித்துவிடுங்கள். மேசன்மார் பிடிக்கும் தெளிந்த நீர்மட்டக் குழாயால் சுவரடியையும் கேற்றடியையும் அளந்து பாருங்கள். சுவரடியிலிருந்து கேற்றடி வரை 15 அடி தூரத்துக்கு 2 முதல் 2½ அங்குலச் சரிவு போதும். கேற்றடி மேடாக இருந்தால் அந்த மண்ணை வெட்டிச் சுவர்ப் பக்கம் போடுங்கள். அப்படியும் பற்றாவிட்டால் மட்டும் கால் கியூப், அதாவது 25 கன அடி, மேல்மண் வாங்கலாம். முழு லோட் இறக்கினால் மிச்சம் ஒழுங்கையில்தான் கிடக்கும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சுவரை ஒட்டிய மண் வீட்டுத் தரை மட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் சுவரில் ஏறும், கறையானுக்கும் வழியாகும். மாமர அடியைச் சுற்றி 3 அடிக்குப் புதுமண் போடவே கூடாது, போட்டால் அடிப்பட்டை அழுகும், வேருக்குக் காற்றும் போகாது. வழிகிற தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போகாமல் ஒழுங்கை வடிகானுக்குப் போகட்டும். கூரைப் பீலியையும் பாருங்கள். பீலி அடைத்து ஒழுகுவதால்தான் பல வீடுகளில் சுவரடி சேறாகிறது, மண்ணில் பிழை இருக்காது.

அடுத்தது மாமரம். மழை இல்லாத நாளில், நிலத்திலிருந்து 8 அடி வரை உள்ள கீழ்க்கிளைகளை மட்டும் எடுங்கள், மொத்த இலைப்பரப்பில் கால்பங்குக்கு மேல் வேண்டாம். பெரிய கிளையைத் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழுத்துங்கள். மிஞ்சிய துண்டைத் தண்டோடு சேரும் தடிப்புக்கு வெளியே எடுங்கள். ஒரே வெட்டில் விழுத்தினால் கிளை தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு வரும். மாம்பால் தோலைப் புண்ணாக்கும், நீளக்கை உடுப்பு போடுங்கள். பின்வளவில் பலாவோ ஈரப்பலாவோ நின்றால் பிரதேச செயலக அனுமதி இல்லாமல் தறிக்க வேண்டாம்.

வெயில் படுகிற பாதிக்கு மட்டும் மலேசியன் புல். 150 சதுர அடிக்குள்தான் வரும், அதற்கு 40 சதுர அடிப் பத்தை வாங்கினால் போதும். ஓரடிப் பத்தையை 3 அங்குலச் சதுரமாக வெட்டினால் 16 துண்டு கிடைக்கும். அவற்றை நடுவுக்கு நடு 6 அங்குலம் விட்டு நட்டால் நான்கு சதுர அடியை மூடும். நடுமுன் 4 அங்குலம் கொத்தி, கல், செங்கல் துண்டு, பழைய வேர் எல்லாம் பொறுக்குங்கள். மண் புளிப்பைத் தணிக்கும் டொலமைட் கல்தூள் 1½ கிலோ தூவி இரண்டு கிழமை விடுங்கள், கொழும்பு மண் பொதுவாகப் புளிப்பு. பிறகு ஓரங்குலம் கூட்டெரு கலந்து, ஒக்டோபர் முதல் கிழமையில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை உங்கள் தண்ணீர் பில்லைப் பார்த்துக்கொள்ளும், பத்துக் கிழமையில் மூடிவிடும். நட்டு நாலாம் கிழமை யூரியா 150 கிராம் தூவித் தண்ணீர் தெளியுங்கள். டொலமைட்டோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போகும். 1½ அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டினால் மஞ்சளாகும்.

நிழல் பாதியில் புல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம். மண்ணைக் கிளறாமல் தென்னந்தும்புத் துண்டோ காய்ந்த இலையோ 2 அங்குலம் பரப்பி, இடையிடையே பன்னமும் ஊதா இலை ரியோவும் வையுங்கள். சீக்கிரம் மூடும் என்று மஞ்சள் பூ வெடேலியாவைத் தருவார்கள். வாங்காதீர்கள், ஒரு வருடத்தில் மதில் தாண்டிப் படரும், பிறகு பிடுங்கி முடியாது.

கேற்றிலிருந்து வாசல் வரை 3 அடி அகலப் பாதைக்கு முக்கால் அங்குலச் சல்லி 2 அங்குலத் தடிப்பில், ஏறத்தாழ 7½ கன அடி, போதும். இரு ஓரமும் செங்கல் நிறுத்துங்கள். கீழே பொலித்தீன் விரித்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கும். உருண்டைக் கூழாங்கல் காலுக்குக் கீழே ஓடும்.

கேற்றடிச் செவ்வரத்தை முற்றிக் கிடந்தால் ஒக்டோபர் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கத்தரியுங்கள், மார்கழிக்குப் புதுத் துளிரில் பூக்கும். வெள்ளை மாப்பூச்சி பிடித்த நுனியை வெட்டிப் பையில் கட்டி எறியுங்கள். மிச்சத்துக்கு லீற்றருக்கு 5 மில்லி சவர்க்காரக் கரைசலை மாலையில் அடியுங்கள்.

சீமெந்துப் பாசியை வெளிற்றும் தூள் கரைத்துத் தேய்த்துக் கழுவலாம். ஆனால் அதோடு மலகூட அசிட்டைக் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். அந்தத் தண்ணீர் புல்லுக்கும் ஓடக்கூடாது.

ஆட்கள் வரத் தொடங்கும் கிழமையில் பூச்சாடிகளின் அடித்தட்டை எல்லாம் எடுத்துவிடுங்கள். சிரட்டை, உடைந்த வாளி, தேங்கிய பீலித் தண்ணீர் எதுவும் இருக்கக் கூடாது. முற்றத்தில் நுளம்புப் புழு கிடக்கும் வீட்டுக்கு யாரும் நல்ல விலை சொல்ல மாட்டார்கள்.