படகுப் பயணத்துக்குப் போன்: ஐபி68 இருந்தால் போதுமா?

கொழும்பிலிருந்து வாரக்கணக்கில் படகில் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் தரக்குறியீடு. அதில் 6 என்றால் தூசி புகாது. 8 என்றால் கம்பனி சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரம் வரை தண்ணீர் புகாது. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல்நீரோ காய்ந்ததும் சார்ஜ் துளைக்குள் உப்பை விட்டுப்போகும். மறுபடி ஈரம் பட்டால் அது உலோக முனைகளை அரிக்கும். அப்புறம், தண்ணீரைத் தடுக்க உள்ளே இருக்கும் அடைப்பும் குக்கர் வாஷர் மாதிரி நாளாக நாளாகத் தளரும். கொழும்பு புறக்கோட்டைக் கடைகளில் திறந்து பழுதுபார்த்த போன் என்றால் நம்பவே வேண்டாம். உப்புப் படிந்த சார்ஜ் துளையை நம்பியிருக்க வேண்டாம் என்பதால், வயரில்லாமல் சார்ஜ் ஆகும் போன்தான் என் தேர்வு.

கரை மறைந்து சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது நேரே செயற்கைக்கோளிலிருந்து வருவது, வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.