ஏலத்தாளை வாசித்துவிட்டு விலை கேளுங்கள்: யப்பான் கார் இறக்குமதி பற்றி வாசகர் கேள்விகள்

பதினைந்து வயது தாண்டிய யப்பான் வாகனங்களைக் கனடாவுக்குக் கொண்டுவரலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதப்போய், கடிதங்கள் குவிந்துவிட்டன. பலரும் கேட்ட கேள்விகளை எடுத்துப் பதில் தருகிறோம்.

யப்பானில் ஒரு ரொயோட்டா மார்க் எக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். "ஹெய்செய் 22, செப்ரெம்பர்" என்று போட்டிருக்கிறார்கள். பதினைந்து வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? (ஸ்காபரோ)

ஹெய்செய் என்பது யப்பான் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டுக் கணக்கு. அந்த எண்ணோடு 1988 ஐக் கூட்டினால் நமது ஆண்டு வரும். 22 என்றால் 2010. ஆனால் அங்கே போட்டிருப்பது கார் முதன்முதலில் பதிவான மாதம். கனடாச் சட்டம் பார்ப்பது தொழிற்சாலையில் பொருத்தி முடித்த மாதத்தை. மொடல் ஆண்டு இந்தக் கணக்கில் வராது.

ஒரு கார் செய்து முடித்த பிறகுதான் பதிவாகும். ஆகவே பதிவு மாதத்தில் இருந்து எண்ணியே பதினைந்து வருடம் நிறைந்துவிட்டால் பயமில்லை. வில்லங்கமெல்லாம் ஒன்றிரண்டு மாதம் குறைவாக நிற்கும் கார்களில்தான். "கப்பல் போய்ச் சேருவதற்குள் வயது வந்துவிடும்" என்று சொல்லி விற்கிற முகவர்கள் இருக்கிறார்கள். கனடாவுக்குள் நுழையும் நாள்தான் கணக்கு என்பதால் அது முழுப்பொய்யும் இல்லை. ஆனால் உற்பத்தி மாதத்தைக் காட்ட உங்களிடம் தாள் வேண்டுமே. யப்பான் உள்ளூர் கார்களில் உற்பத்தி மாதம் பெரும்பாலும் பொறித்திருக்காது. சீற் பெல்ற்றின் அடியில் தைத்த துண்டில் இருக்கும் திகதி பெல்ற் செய்த திகதி. ஊகத்துக்கு உதவும், சாட்சிக்கு உதவாது. வயது போதாது என்று சுங்கம் தடுத்தால் உங்கள் செலவில் திருப்பி அனுப்ப வேண்டிவரும். அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

இன்னொன்று: பதினைந்து வருடம் கனடாவுக்கு மட்டும். அமெரிக்காவில் அது 25. ஒன்ராறியோ இலக்கத்தகட்டோடு பஃபலோவுக்கு உலாப் போய் வரலாம். அங்கே குடிபெயர்ந்தால் கார் இங்கேதான் நிற்க வேண்டும்.

ஏலத்தாள் ஒன்றை முகவர் அனுப்பினார். தரம் 4, உட்பகுதியின் தரம் பி. படத்தில் ஏ1, யூ2, டபிள்யூ2, எக்ஸ்எக்ஸ் என்று நிறையக் குறிகள். நல்ல காரா? (மார்க்கம்)

ஏல மண்டபத்தில் ஒரு பரிசோதகர் காரைச் சுற்றிப் பார்த்து எழுதும் ஒற்றைத் தாள் அது. அவருக்கு உங்கள் காரை விற்பதிலும் வாங்குவதிலும் இலாபம் இல்லை. அதனால்தான் விற்பனையாளரின் படங்களைவிட இந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஏ என்றால் கீறல், யூ என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திப் பூசிய அலை, எஸ் என்றால் துரு, சி என்றால் தகடு அரித்துப்போனது. எக்ஸ் மாற்ற வேண்டிய பகுதி, எக்ஸ்எக்ஸ் ஏற்கெனவே மாற்றிய பகுதி. பக்கத்தில் உள்ள 1, 2, 3 அளவைக் காட்டும். உங்கள் தாளில் எக்ஸ்எக்ஸ் பொனற்றின் மேல் இருந்தால் பதற வேண்டாம். பொனற், கதவு, முன் மட்காட் எல்லாம் போல்ற் போட்டுப் பூட்டுபவை, அவற்றை மாற்றுவது விபத்து வரலாறாகக் கொள்ளப்படாது. முன் குறுக்குச் சட்டம், பக்கச் சட்டம், தூண்கள், தளம், கூரை ஆகிய எலும்புக்கூட்டில் கைவைத்திருந்தால் மட்டுமே தரம் ஆர் அல்லது ஆர்ஏ என்று விழும். ஆர் என்றதும் ஓடவும் வேண்டாம், சில கார்களில் சிறிய திருத்தம்தான் இருக்கும். ஆனால் எந்த உறுப்பு, எவ்வளவு என்று மொழிபெயர்த்துக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் வாங்காதீர்கள்.

இந்த வயதுக் காருக்கு 4 நல்ல தரம், 3.5 சாதாரணம். 4.5 போட்டிருந்தால் விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். எங்கள் கருத்தில், துரு இல்லாத 3.5 ஐ விடத் துருப்பிடித்த 4 மோசமான பேரம். தரத்தைத் தீர்மானிப்பதில் வெளித்தோற்றத்துக்குப் பெரும் பங்கு. நீங்களோ உப்புப் போடும் தெருவில் ஓட்டப்போகிறீர்கள். ஹொக்கைடோ, தொஹொக்கு, நீகாத்தா போன்ற பனி கொட்டும் பகுதிகளில் ஓடிய காரின் அடிப்பக்கம் நமது ஊர்க் காரைப் போலவே அரித்திருக்கும். "அடிப்பக்கத் துரு" என்ற குறிப்பு தாளின் கீழே கையெழுத்தில் ஒரு மூலையில் கிடக்கும். படத்தில் உள்ள குறிகளை மட்டும் மொழிபெயர்த்து அனுப்பும் முகவர் அந்த மூலையை விட்டுவிடுவதுண்டு. பின் சக்கர வளைவு, ஜாக்கி வைக்கும் விளிம்பு, எண்ணெய்த் தொட்டி கட்டும் பட்டி ஆகிய மூன்றின் படங்களைக் காரைத் தூக்கி வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஓடிய தூரத்தை ஏலத்தாளில் மட்டும் நம்பாமல், "ஷாக்கென்" எனப்படும் கட்டாயப் பரிசோதனைச் சான்றோடு ஒப்பிடுங்கள். 2004 முதல் அதில் பரிசோதனை நாளின் கிலோமீற்றரும் பதிவாகிறது. புதுக் காருக்கு மூன்று வருடத்திலும் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் அந்தப் பரிசோதனை வருவதால், மீற்றரைத் திருப்பியிருந்தால் பழைய சான்று காட்டிக்கொடுத்துவிடும்.

95,000 கிலோமீற்றரில் விற்பனைக்கு வரும் பழைய சேஸர், ஸ்கைலைன் கார்களையும் கவனியுங்கள். இந்த எஞ்சின்களின் ரைமிங் பெல்ற்றை 100,000 இல் மாற்ற வேண்டும். அந்தச் செலவு வருவதற்கு முன் தள்ளிவிடுபவர்கள் உண்டு. மாற்றியிருந்தால் எஞ்சின் அறையில் கிலோமீற்றர் எழுதிய ஸ்ரிக்கர் ஒட்டியிருப்பார்கள். முதல் கேள்வியின் மார்க் எக்ஸில் இருப்பது செயின், இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு அதன் 2.5 லீற்றர் எஞ்சினில் வால்வுகளில் கரி படியும் குணம் உண்டு. குளிரில் ஸ்ரார்ட் பண்ணும்போது நடுங்கினால் முதலில் அதைத்தான் பாருங்கள்.

ரோ-ரோ கப்பலா, கொன்ரெய்னரா? எது மலிவு? (பிரம்ப்டன்)

ரோ-ரோ என்பது காரை ஓட்டிக்கொண்டே ஏற்றி ஓட்டிக்கொண்டே இறக்கும் கப்பல். கட்டணம் கனமீற்றர் கணக்கில். ஆர்32 ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். 4.545 மீற்றர் நீளம், 1.755 அகலம், 1.340 உயரம். பெருக்கினால் 10.7 கனமீற்றர். 4.7 நீளம், 1.7 அகலம், 2.1 உயரமுள்ள வான் என்றால் 16.8. ஆகவே உயர்ந்த வானுக்குக் கூலி ஒன்றரை மடங்கு. கூரைக் கம்பி, ஏணி, பின்பக்க ஸ்பெயார் சக்கரம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அளப்பார்கள். கழற்ற முடிந்ததை முன்கூட்டியே கழற்றச் சொல்லுங்கள். கார் தானாக ஓட வேண்டும், பிறேக் பிடிக்க வேண்டும், எண்ணெய் கால் தொட்டிக்கு மேல் இருக்கக்கூடாது, உள்ளே தளர்வான பொருள் எதுவும் வைக்க முடியாது. அலோய் சக்கரம் நாலு வாங்கிப் பின் சீற்றில் போட்டு அனுப்பலாம் என்று நினைத்தால் அது ரோ-ரோவில் நடக்காது.

கொன்ரெய்னரில் அது நடக்கும். ஓடாத காரும் போகும். 40 அடிப் பெட்டியின் உள்நீளம் ஏறக்குறைய 12 மீற்றர். இரண்டு கார்கள் தாராளமாக நிற்கும், சாய்தளம் கட்டினால் மூன்றோ நான்கோ சிறிய கார்களும் போகும். 20 அடிப் பெட்டியில் 5.9 மீற்றர், ஒரு காருக்குத்தான் சரி. தனியாக ஒரு பெட்டி எடுத்தால் ரோ-ரோவைவிட அதிகம் வரும். பங்கு போட்டால் நெருங்கிவரும், ஆனால் பெட்டி நிறையும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒன்ராறியோக்காரர்கள் மறந்துவிடும் விடயம் ஒன்று. யப்பானில் இருந்து மேற்குக் கரைக்கு வரும் ரோ-ரோ கார்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவில், ஃபிரேசர் ஆற்று இறங்குதுறையில் இறங்கும். அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 4,000 கிலோமீற்றருக்கு மேல். லொறியோ ரயிலோ தனிச்செலவு. கொன்ரெய்னரை முத்திரையோடு ரயிலில் ஏற்றி பிரம்ப்டன் வரை கொண்டுவந்து, இங்கேயே சுங்கம் முடிக்கலாம். கடல் கூலியை மட்டும் ஒப்பிட்டு "ரோ-ரோ மலிவு" என்று முடிவெடுப்பது இதனால்தான் பிழையாகிறது. வீட்டு வாசல் வரையான மொத்தத்தை இரு பக்கமும் எழுதி வாங்குங்கள்.

காப்புறுதியையும் கேளுங்கள். பாவித்த காருக்கு ரோ-ரோவில் பெரும்பாலும் முழு இழப்பு மட்டுமே காப்புறுதியாகும். கப்பலோடு மூழ்கினால் காசு வரும், கதவில் கீறல் விழுந்தால் வராது.

ஏல விலைக்கு மேல் அரசாங்கத்துக்கு எவ்வளவு? (மிசிசாகா)

கனடாச் சுங்கம் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது காரைக் கப்பலில் ஏற்றும்வரையான விலையில், வரி கணிக்கும். கடல் கூலியையும் கப்பல் காப்புறுதியையும் விலைச்சீட்டில் தனித் தொகையாகக் காட்டினால் அவை சேராது. எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதிய சீட்டு வந்தால் கூலிக்கும் வரி கட்டுவீர்கள். முகவரிடம் இதைப் பணம் அனுப்ப முன் சொல்லிவையுங்கள்.

10,000 டொலர் கார் என்று வைப்போம். சாதாரணத் தீர்வை 6.1 வீதம், அது 610 டொலர். ஏசி இருந்தால் 100 டொலர் கலால் வரி. இவற்றைக் கூட்டிய 10,710 மேல் 5 வீத ஜி.எஸ்.ரி., அதாவது 535.50. மொத்தம் 1,245.50. பசிபிக் நாடுகளின் வர்த்தக உடன்படிக்கையில் யப்பானும் கனடாவும் இருப்பதால், யப்பானில் செய்த காருக்குத் தீர்வை பூச்சியமாகலாம். அப்படியானால் 100 ம் 505 ம் சேர்ந்து 605 டொலர்தான். ஆனால் அது தானாக வராது, எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் மூலச் சான்றோடு கோர வேண்டும். யப்பானில் விற்ற எல்லாக் காரும் யப்பானில் செய்ததும் அல்ல. பழைய காருக்குச் சான்றைத் தயார்படுத்துவது இலேசில்லை, சுங்கத் தரகரோடு முதலிலேயே பேசுங்கள். மாகாணத்தின் 8 வீதத்தைப் பதிவின்போது சேர்விஸ் ஒன்ராறியோவில் கட்டுவீர்கள்.

டெலிக்கா வான் ஒன்று, 17 வயது. கியூபெக்கில் பதியலாமா? (மொன்றியல்)

முடியாது. வலதுபக்க ஸ்ரியரிங் வாகனத்துக்குக் கியூபெக் 25 வயது கேட்கிறது. கனடாவுக்குள் கொண்டுவருவதும் மாகாணத்தில் பதிவதும் வெவ்வேறு கதவுகள்.

ஒன்ராறியோவில் பதிவதற்கு என்னென்ன மாற்ற வேண்டும்? (ஏஜக்ஸ்)

முதலில் லைற். யப்பானில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் காரின் தாழ்ந்த ஒளி இடப்பக்கம் மேலே எழும்பும். இங்கே அது நேரே எதிரே வருபவரின் கண்ணில் விழும். பல்ப்பை மாற்றினால் தீராது, ஒளி வெட்டும் வடிவம் லைற்றுக்குள் இருக்கிறது. வலப்பக்கப் போக்குவரத்துக்கான முழு லைற்றாக வாங்க வேண்டும். ஏலத்தில் கை தூக்க முன் உங்கள் மொடலுக்கு அது கிடைக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றுக்குக் கிடைப்பதே இல்லை. பாதுகாப்புச் சான்று 36 நாள்தான் செல்லும், ஆகவே எல்லாத் தாளும் கையில் வந்த பிறகு பரிசோதனைக்கு விடுங்கள்.

இதைவிடப் பெரிய தடை காப்புறுதி. இங்கத்தைய கார்களை அடையாளம் காட்டும் 17 எழுத்து இலக்கம் யப்பான் காருக்குக் கிடையாது. மார்க் எக்ஸ் என்றால் "ஜி.ஆர்.எக்ஸ்.130" என்று தொடங்கும் குறுகிய சேசி இலக்கம்தான். கொம்பனியின் கணினி அதை ஏற்காது, வலதுபக்க ஸ்ரியரிங் என்றதும் பலர் மறுத்தும் விடுவார்கள். வாங்க முன் தரகரிடம் வருடக் கட்டணத்தை எழுத்தில் எடுங்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு ஸ்கைலைன் வாங்கப்போகும் பெற்றோர் இந்தத் தாளைக் கண்ட பிறகு மனம் மாறுவதுண்டு.

ரேடியோ பற்றியும் இருவர் கேட்டிருந்தீர்கள். யப்பான் எஃப்.எம். 76 இல் தொடங்கி 90 களில் முடியும், நமது நிலையங்கள் 88 முதல் 108 வரை. பாதிக்கு மேல் கேட்காது. ரேடியோவையே மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்தில் அண்ணாவுக்கு இப்படி ஒரு பழைய கார், 1995 கொறொலா, அனுப்ப முடியுமா? (ஸ்காபரோ)

முடியாது. 2020 இல் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை இலங்கை 2025 பெப்ரவரியில் திறந்தது, ஆனால் கார் மூன்று வயதைத் தாண்டக்கூடாது. நீங்கள் கேட்கும் 1995 கொறொலாவை அங்கேயே தேடுங்கள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கார் கப்பலில் ஏறிவிட்டது. இனி நான் என்ன செய்ய வேண்டும்? (பிக்கறிங்)

தாள்களைத் துரத்துங்கள். கப்பல் வந்தும் தாள் வராவிட்டால் இறங்குதுறையில் இலவச நாட்கள் முடிந்து வாடகை ஓடத் தொடங்கும். உங்களுக்கு வேண்டியவை கப்பல் சீட்டு (காரை ஏற்றியதற்குக் கப்பல் கொம்பனி தரும் தாள்), விலைச்சீட்டு, யப்பானின் ஏற்றுமதிப் பதிவுநீக்கச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு. கப்பல் சீட்டின் மூலப்பிரதி கூரியரில் வர வேண்டுமா, அல்லது மின்வழி விடுவிப்பா என்று இப்போதே கேளுங்கள். மின்வழி என்றால் தபாலில் தொலையும் பயம் இல்லை. பதிவுநீக்கச் சான்றின் மூலப்பிரதியை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள், பதிவுக்கு அதைத்தான் கேட்பார்கள். சுங்கத்தில் வாகன இறக்குமதிப் படிவம் 1 இல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் இலக்கத்தகடு வராது.

சக்கர வளைவில் மண் ஒட்டியிருந்தால் உணவுப் பரிசோதனை முகவரகம் தடுத்துவைக்கும், கழுவும் செலவும் உங்கள் தலையில். ஏற்ற முன் அடிப்பக்கம் நீராவியில் கழுவிய படம் கேட்டு வாங்குங்கள்.

எடுக்கப் போகும்போது பற்றரி இறங்கியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு பூஸ்ரர் கொண்டுபோங்கள். கையெழுத்து வைக்க முன் நாலு பக்கமும் கூரையும் படம் எடுங்கள். வாசலைத் தாண்டிய பிறகு சொல்லும் கீறலை யாரும் ஏற்க மாட்டார்கள். யப்பான்காரர் பலர் சக்கரத்துக்குக் களவு போகாத பூட்டு நட் போட்டிருப்பார்கள். அதன் சாவி கை உறைப் பெட்டியிலோ ஸ்பெயார் சக்கரக் குழியிலோ இருக்கும். அது இல்லாமல் ரயர் கடைக்குப் போனால் நட்டை உடைத்துத்தான் கழற்றுவார்கள்.