ஆட்டக்காரரின் நிழல் உங்களை நோக்கி விழட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் பள்ளி கிரிக்கெட் அணியில் ஆடுகிறான். சனிக்கிழமை ஆட்டங்களை அவர் படம் எடுக்கிறார். "நல்ல வெயில் நேரம். சட்டை சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகிறது. தொப்பிக்குக் கீழே முகம் கரிக்கட்டையாக இருக்கிறது. என்னிடம் இருப்பது சாதாரண கேமரா, அதோடு வந்த 55–250 லென்ஸ். எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் விளையாட்டுப் படம் எடுக்கவே முடியாது, 40,000 ரேண்ட் ஆகும் என்கிறார் கடைக்காரர். தவணையில் வாங்கிவிடலாமா?"

வாங்க வேண்டாம், அம்மா. உங்கள் சிக்கலுக்கு அந்த லென்ஸ் மருந்தே இல்லை. அதே இடத்தில் நின்று அதைக் கொண்டு எடுத்தாலும் அதே வெள்ளைச் சட்டையும் அதே கரிய முகமும்தான் வரும்.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிதாகும். அதனால் எஃப் 2.8 லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். மங்கிய மாலையிலும் கூரைக்கு அடியில் நடக்கும் ஆட்டத்திலும் அதற்கு மதிப்பு உண்டு. நீங்களோ வெயில் கூடிப்போனதால் தவிக்கிறீர்கள். பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். பளிச்சென்ற வெயிலில் எஃப் 16 வைத்தால், ஐஎஸ்ஓ எண், அதாவது ஒளியுணர்வைக் காட்டும் எண், எதுவோ அதுவே ஷட்டர் வேகத்தின் கீழ் எண். ஷட்டர் வேகம் என்பது ஒளியை உள்ளே விடும் நேரம். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. இந்தக் கணக்கின்படி, 40,000 ரேண்ட் லென்ஸ் ஐஎஸ்ஓ 100இல் உங்களுக்குத் தருவது 1/3200 நொடி. உங்களிடம் இருக்கும் லென்ஸை எஃப் 5.6இல் வைத்து ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் கிடைப்பதும் அதே 1/3200 நொடிதான். பந்தை அந்தரத்தில் நிறுத்திவைக்க அந்த வேகம் தாராளம். இது கடைக்காரருக்குத் தெரியாத கணக்கு இல்லை.

முகம் ஏன் கறுக்கிறது? நீங்கள் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "சூரியன் உனக்குப் பின்னால் இருக்கட்டும்" என்று யாரோ எப்போதோ சொல்லியிருப்பார்கள். அதிகாலைக்கும் அந்திக்கும் அது சரி. பதினோரு மணிக்கு அது தவறு. பையனின் சட்டையில் நேர் வெயில் அடிக்கிறது, அவன் முகமோ தொப்பியின் நிழலில் இருக்கிறது. நம் கண் இரண்டையும் சமாளித்துவிடும். கேமராவால் ஏதாவது ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்.

இப்போது மறுபக்கம் போய் நில்லுங்கள். வெயில் பையனின் முதுகில் அடிக்கட்டும். அவன் முகமும் சட்டையின் முன்பக்கமும் ஒரே நிழலுக்குள் வந்துவிடுகின்றன. இரண்டுக்கும் இடையிலிருந்த பெரிய வேறுபாடு போய்விடுகிறது. தோளிலும் தொப்பி விளிம்பிலும் மட்டும் வெயில் ஒரு வெள்ளிக்கோடு இழுக்கும். அந்தக் கோடு வெளுத்தால் வெளுக்கட்டும். திசை பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். ஆட்டக்காரரின் நிழல் உங்களை நோக்கி விழவேண்டும். முப்பது ஆண்டுகளாக இந்த ஊர் மைதானங்களில் நான் நம்பியிருப்பது இந்த ஒன்றைத்தான்.

தமிழில் ஒளிப்பட வகுப்பு எடுக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே பலர் திசை தடுமாறுகிறார்கள். சென்னையில் இருப்பவருக்கு ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நமக்கு அது வடக்கே. அவர் வடக்குப் பக்கம் உட்காரச் சொன்னால், டர்பனில் நாம் தெற்குப் பக்கம் உட்கார வேண்டும். இதைச் சொல்லித்தர யாரும் இல்லாமல் எத்தனை பேர் ஓர் ஆண்டு முழுவதையும் வீணாக்கியிருக்கிறார்கள்!

கிரிக்கெட் ஆடுகளத்தைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகவே போடுவார்கள், தாழ்ந்த வெயில் மட்டையாளரின் கண்ணில் குத்தக்கூடாது என்பதற்காக. அது உங்களுக்கு வசதி. தெற்கு எல்லைக்கோட்டில் உட்கார்ந்தால் ஓர் ஓவரில் வடக்கு முனையிலுள்ள மட்டையாளர் உங்களைப் பார்த்தபடி இருப்பார். அடுத்த ஓவரில் வடக்கிலிருந்து ஓடிவரும் பந்துவீச்சாளர் உங்களைப் பார்த்து வருவார். இருவருக்கும் வெயில் முதுகில். காலை ஆட்டமாக இருந்து உங்கள் மகன் வலக்கை மட்டையாளராகவும் இருந்தால், கொஞ்சம் தென்மேற்காக நகருங்கள். அவன் நெஞ்சும் முகமும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மீறிய பெற்றோரால் பிள்ளைகள் ஆட்டமிழந்ததைப் பார்த்திருக்கிறேன். தெற்கு முனையின் நடுவில் சைட் ஸ்க்ரீன் இருக்கும். பந்து கையிலிருந்து விடுபடும் கணத்தில் அது தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பந்துவீச்சாளரின் பின்னால் அந்தத் திரையை நிறுத்துகிறார்கள். அதன் முன்னால் உட்காரவே கூடாது. ஒட்டி உட்காருவதும் கூடாது. திரையின் ஓரத்திலிருந்து குறைந்தது பதினைந்து அடி விலகுங்கள். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கியதும் எழுவது, பையைத் திறப்பது, குடையை விரிப்பது எதுவும் வேண்டாம். பளபளக்கும் சட்டை வேண்டாம், தண்ணீர்ப் புட்டியைக்கூட நிழலில் வையுங்கள், வெயில் பட்டு மின்னும். பள்ளி மைதானத்தில் திரையே இல்லாவிட்டாலும் இந்த விதி அப்படியே பொருந்தும். சொல்லப்போனால் அங்கேதான் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் பையனுக்குப் பின்னணியாக இருப்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அந்த வேலிதான். ஆட்டம் தொடங்குமுன் நடுவரிடம் போய், "இங்கே உட்காரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நடுவிலேயே உட்கார முடிந்தாலும் பயனில்லை. நடுவரும் பந்துவீச்சாளரும் மட்டையாளரை மறைத்துவிடுவார்கள்.

தரையில் உட்கார்ந்தே எடுங்கள். நின்று எடுத்தால் தொப்பியின் மேற்பரப்புதான் கிடைக்கும். தாழ இருந்தால் விளிம்புக்குக் கீழே கண் தெரியும். படத்துக்காகப் பிள்ளைகளைத் தொப்பியைக் கழற்றச் சொல்லாதீர்கள். அந்த வெயில் விளையாட்டல்ல.

கேமராவை, எல்லாவற்றையும் நாமே அமைக்கும் எம் என்ற இடத்துக்குத் திருப்புங்கள். எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/1600. வெயில் ஆட்டக்காரரின் முதுகில் இருக்கும்போது இங்கிருந்து தொடங்கலாம். ஒரு படம் எடுத்து முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் 1/1250, வெளுத்தால் 1/2000. பிறகு தொடவே வேண்டாம். தானியங்கி முறையில் விட்டால் வெள்ளைச் சட்டை அருகே வரும்போதெல்லாம் கேமரா பயந்துபோய்ப் படத்தை இருட்டாக்கும். நம் பிள்ளைகளின் மாநிற, கறுத்த முகங்களைக் கேமரா தானாகக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். முகத்துக்கு ஒளி வையுங்கள், வானம் வெளுத்துப் போனாலும் போகட்டும்.

டிசம்பர், ஜனவரி நண்பகல் மட்டும் கொடுமை. அப்போது சூரியன் டர்பனில் ஏறக்குறைய 83 பாகை உயரத்தில், அதாவது உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். முன்வெயில் என்றோ பின்வெயில் என்றோ எதுவும் கிடையாது, கண்குழி இரண்டும் பள்ளமாகும். அந்த நேரத்தில் முகம் மேலே நிமிரும் கணத்துக்குக் காத்திருங்கள். உயரப் பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்க்கும் பையனின் முகம் முழுக்க ஒளி விழும். இல்லாவிட்டால் தண்ணீர் இடைவேளையில் மரநிழலுக்குப் போய்விடுங்கள். தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வை துடைக்கும் முகங்களில் எனக்கு மிகவும் பிடித்த படங்கள் பல கிடைத்திருக்கின்றன. குளிர்காலக் கால்பந்துக்கு இந்தக் கவலையே இல்லை. ஜூனில் நண்பகலிலும் சூரியன் 37 பாகைக்கு மேல் ஏறாது. உங்கள் நிழல் நாள் முழுவதும் உங்களைவிட நீளமாகவே இருக்கும்.

இனி கடைகளைப் பற்றி. லென்ஸ் விற்கவில்லை என்றால் அடுத்தபடி ஃபில்டர் விற்பார்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி வெயில் படத்தைச் சீராக்கும் என்பது பொய். எதிர்வெயிலில் அது படத்தில் வெளிறிய புகையையும் புள்ளிகளையும் சேர்க்கும். உங்களிடம் இருந்தால் கழற்றுங்கள், அதற்குப் பதில் லென்ஸ் முனையில் வெயிலை மறைக்கும் ஹூட் மாட்டுங்கள். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் என்ற ஃபில்டர், வரும் ஒளியில் மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கைத் தின்றுவிடும். ஃப்ளாஷ் முப்பது மீட்டருக்கு அப்பால் வெயிலோடு போட்டியிட முடியாது. "விளையாட்டுத் தொகுப்பு" என்று இவை மூன்றையும் ஒரே பையில் போட்டு விற்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி, பாதி விலைக்குக் கிடைக்கும் சரக்கு. உற்பத்தியாளரின் அனுமதி இல்லாமல் வேறு வழியாக இறக்குமதியான பொருளை இங்கே விற்பது குற்றமில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அப்படிப்பட்ட பொருள் என்பதை வாங்குபவர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டவேண்டும் என்கிறது. பெட்டியில் அந்த வாசகத்தைத் தேடுங்கள். பொருள் பழுதாக இருந்தால் ஆறு மாதத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப்பொருள், பணம் ஆகிய மூன்றில் நீங்கள் விரும்புவதைக் கேட்க அதே சட்டத்தில் உரிமை உண்டு. "எங்கள் கடையில் பணம் திருப்பித் தருவதில்லை" என்ற பலகை அந்த உரிமையை அழிக்காது. பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் விளக்கொளிக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். கடற்கரை ஈரத்தில் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்ந்திருக்கும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பள்ளிகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓர் ஒப்பந்தக்காரருக்குத் தனி உரிமை கொடுத்துவிட்டு, "தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பெற்றோர் படம் எடுக்கக்கூடாது" என்று வாசலில் நிறுத்துகிறார்கள். பிறகு அந்த ஒப்பந்தக்காரர் நம் பிள்ளையின் படத்தை நமக்கே விலை வைக்கிறார். எனக்கே இப்படி நடந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், முழுக்கத் தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கான தகவலைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. மகனை எடுத்துக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ள அது தடையில்லை. தன் வளாகத்துக்குப் பள்ளி விதி வகுக்கலாம், அது வேறு. ஆனால் சட்டத்தின் பெயரைச் சொல்லி மிரட்டக்கூடாது. அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறர் பிள்ளைகளின் படத்தை மட்டும் அவர்கள் பெற்றோரைக் கேட்காமல் எங்கும் பொதுவில் போடாதீர்கள்.

டிசம்பரில் டர்பனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. ஏழு மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினால் பத்தரைக்கு முடித்துவிடலாம். அப்படியிருந்தும் நம் பிள்ளைகளைப் பத்தரைக்கு வரச் சொல்லி உச்சி வெயிலில் நிறுத்துகிறார்கள். மைதான வாடகை, பஸ் நேரம், ஆசிரியரின் சனிக்கிழமை என்று ஆண்டுதோறும் அதே காரணங்கள். படம் கெடுவதைவிடப் பிள்ளைகள் வாடுவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள், அம்மா. ஒருவர் கேட்டால் இன்னும் நாலு பேர் கேட்பார்கள்.

ஏற்கெனவே எடுத்த படங்களை அழிக்க வேண்டாம். சட்டையில் மடிப்பும் தையலும் தெரியும் படங்களைத் தனியே பிரியுங்கள். கைபேசியிலேயே நிழல் பகுதியின் வெளிச்சத்தை மட்டும் கூட்டினால் முகம் கொஞ்சம் தெளியும். சட்டை வெறும் வெள்ளையாகப் போய்விட்ட படத்தில் மீட்க எதுவும் இல்லை. அடுத்த சனிக்கிழமைக்குமுன் மெனுவில், கேமரா பதிந்ததைச் சுருக்கிவிடாமல் வைத்திருக்கும் ரா என்ற பதிவு முறையை இயக்கிவிடுங்கள். மெமரி கார்டில் இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வெளுத்த சட்டையில் ஓரளவாவது திரும்பக் கிடைக்கும்.