வால்வு சுருங்கினால் குடலில் ரத்தம் கசியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. இதயத்தில் அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருப்பதாக எக்கோவில் சொன்னார்கள். இந்த ஆண்டு இரண்டு முறை மலம் தார் மாதிரி கறுத்துப்போய், ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கி, ரத்தம் ஏற்றினோம். எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டிலும் புண்ணோ கட்டியோ இல்லை. வால்வை மாற்றச் சொல்கிறார் இதய மருத்துவர். முதலில் குடலைச் சரிசெய்துவிட்டு வால்வைப் பார்க்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1958-லேயே இந்தத் தொடர்பைக் கவனித்து எழுதினார். அதனால் இதற்கு ஹைட் சிண்ட்ரோம் என்று பெயர்.

ரத்தம் உறைவதற்கு வான் வில்லிபிராண்ட் என்ற புரதம் தேவை. நீண்ட சங்கிலியாக இருக்கும்போதுதான் அது தட்டணுக்களை (பிளேட்லெட்) பிடித்து நிறுத்தும். குறுகிய வால்வு வழியே ரத்தம் பீய்ச்சி அடிக்கும் வேகத்தில் சுருண்டிருக்கும் சங்கிலி விரிந்துகொடுக்க, ரத்தத்திலுள்ள நொதி அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. வயதானவர்கள் சிலரின் குடல் சுவரில், குறிப்பாகப் பெருங்குடலின் வலப்பக்கத்திலும் சிறுகுடலிலும், மெல்லிய ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கும். ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்பது இதுதான். சங்கிலிகள் வெட்டுப்பட்ட நிலையில் அவை கசிய ஆரம்பித்தால் எளிதில் நிற்பதில்லை.

சிறுகுடலின் பெரும்பகுதிக்கு வழக்கமான இரண்டு குழாய்களும் எட்டாது. அதனால் மாத்திரை வடிவக் கேமராவை விழுங்கிப் பார்க்கும் கேப்ஸ்யூல் எண்டோஸ்கோபி பற்றிக் கேளுங்கள். தட்டணு எண்ணிக்கை, பி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரம்) போன்ற வழக்கமான பரிசோதனைகள் சரியாகவே வரலாம். வான் வில்லிபிராண்ட் புரதத்தின் மொத்த அளவுகூட இயல்பாக இருக்கும். நீளமான சங்கிலிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் மல்டிமர் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். எக்கோ ரிப்போர்ட்டில் வால்வின் பரப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ், சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் அது கடுமையான சுருக்கம்.

குடலில் தெரியும் முடிச்சை ஆர்கான் வாயுக் கருவியால் கருக்கலாம். ஆனால் வால்வு அப்படியே இருந்தால் வேறோர் இடத்தில் கசியும். குடலின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்த பிறகும் மறுபடி ரத்தம் போனவர்கள் உண்டு. வால்வை மாற்றியதும் நீண்ட சங்கிலிகள் விரைவிலேயே திரும்பிவிடும். பலருக்குக் கசிவும் நின்றுவிடுகிறது. ஆகவே உங்கள் இதய மருத்துவர் சொல்வது சரியான வழி. இப்போதைய கசிவை நிறுத்தி, ரத்த அளவைத் தேற்றிக்கொண்டு வால்வுக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள். ரத்தசோகையில் இதயம் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால், சுருங்கிய வால்வுக்கு அது இரட்டைச் சுமை.

எந்த வால்வு என்பதைக் கட்டாயம் பேசுங்கள். உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். கசியும் குடலுக்கு அது ஆபத்து. இந்த வயதில் திசு வால்வுதான் பொருத்தம். அதை நெஞ்சைத் திறந்தும் வைக்கலாம், நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக டாவி முறையிலும் வைக்கலாம். உடலுக்குச் சிறிய வால்வைப் பொருத்தினாலோ, ஓரத்தில் கசிவு இருந்தாலோ அதே பிரச்சினை தொடரலாம். அதனால் பிறகும் எக்கோ பார்க்க வேண்டும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகளைச் சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்தாமல், இரண்டும் தேவையா என்று கேளுங்கள்.

கேள்வி: இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்குமே, எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இரும்பால் வருவது கரும்பச்சையாக, பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்தது பிசுபிசுவென்று ஒட்டும், சகிக்க முடியாமல் நாறும். சந்தேகம் இருந்தால் அன்றே ஹீமோகுளோபின் பாருங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி, மூச்சிரைப்பு சேர்ந்து வந்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.