கல்லூரி மாணவர்களை வரலாற்று இடங்கள் பார்க்க வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வதால் உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. நான் டெல்டா மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். இருபத்தாறு மாணவ மாணவியரோடும் இரண்டு சக ஆசிரியர்களோடும் ஒரு ஜூன் மாதம் இலங்கைக்குப் போய் வந்தேன். கேள்வி கேட்டவர் ஒரு தகப்பனார். மகளை இலங்கைச் சுற்றுலாவுக்கு அனுப்பச் சொல்கிறார்கள், கடன் வாங்கித்தான் அனுப்ப முடியும், இடிந்த கோட்டைகளைப் பார்க்க இவ்வளவு செலவு தேவையா என்று கேட்டிருக்கிறார். கடன் வாங்கப் போகிறவருக்குச் சொல்லும் பதில் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டில் அவன் வெற்றிகளைப் பாடும் பகுதி, தலைகீழ்ப் பாடம். 'பொருகடல் ஈழத்து அரசர்தம் முடியும் ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்' என்று தொடங்கினால் வகுப்பே சேர்ந்து முடிக்கும். 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான், அவன் முடியும் மணியும் சோழ நாட்டுக்கு வந்தன என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். அந்த அரசன் பிறகு என்ன ஆனான் என்று நானும் வகுப்பில் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அநுராதபுரத்தில் அபயகிரி விகாரைக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் எங்களை உட்கார வைத்து எங்கள் வழிகாட்டி அதைச் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற சிங்களப் பள்ளி ஆசிரியர். ஆங்கிலத்தில் பேசினார், நடுநடுவே தமிழ்ச் சொற்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தார். மகிந்தன் பன்னிரண்டு ஆண்டுகள் சோழ நாட்டிலேயே இருந்து 1029இல் அங்கேயே இறந்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் தலைநகராக இருந்த இந்த ஊர், சோழர் படையெடுப்புக்குப் பிறகு மீண்டும் தலைநகராகவே இல்லை. சோழர்கள் விகாரைகளை உடைத்து, உள்ளே வைத்திருந்த செல்வத்தை எல்லாம் வாரிக்கொண்டு போனார்கள் என்றும், இரத்தம் குடிக்கும் யட்சர்களைப் போல நாட்டை உறிஞ்சினார்கள் என்றும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அவர் குரலில் கோபமே இல்லை. தன் வகுப்பில் வழக்கமாக நடத்தும் பாடத்தை எங்களுக்கும் நடத்தினார், அவ்வளவுதான்.

மன்னார்குடிப் பையன் ஒருவன், பேச்சுப் போட்டிகளில் ராஜேந்திரனைப் பற்றிப் பேசியே பரிசு வாங்குகிறவன், தலையைக் குனிந்துகொண்டு செங்கல் துண்டு ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தான். மாலையில் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்கு வந்து, "மேடம், இதை நீங்கள் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்விக்காகவே அந்தப் பயணம் தகும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நம் வரலாற்றை அதன் மறுமுனையில் நின்றவர்கள் வாயால் கேட்பதற்கு நாம் அவர்கள் ஊருக்குத்தான் போக வேண்டும்.

அதே ஊரில் இதற்கு நேர் எதிரான ஒன்றும் கிடைத்தது. அநுராதபுரத்தை ஆண்ட தமிழ் அரசன் எல்லாளனைச் சிங்கள அரசன் துட்டகைமுனு போரில் கொன்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொன்றவனே அவனுக்குச் சமாதி எழுப்பி, அந்த வழியாகப் போகிறவர்கள் மேளதாளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டதாக, சூளவம்சத்துக்கு முந்தைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. எல்லாளன் நாற்பத்து நான்கு ஆண்டுகள் நீதி தவறாமல் ஆண்டான், ஆராய்ச்சி மணி கட்டி வைத்திருந்தான், கன்றின் மேல் தேரை ஏற்றிய மகனை அதே சக்கரத்தால் கொல்லச் செய்தான் என்றும் அதே நூல் சொல்கிறது. வழிகாட்டி இதைச் சொல்லி முடிப்பதற்குள் திருவாரூர்ப் பெண்கள் மூன்று பேர், "இது எங்கள் ஊர் மனுநீதிச் சோழன் கதை!" என்று எழுந்தே நின்றுவிட்டார்கள். அவருக்கு ஒரே வியப்பு. திருவாரூர்க் கல்தேரின் படத்தைக் கைப்பேசியில் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, தன் குறிப்பேட்டில் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார். எல்லாளன் சமாதி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த தக்கிண தூபம் என்ற பழைய தூபிக்கு அவரே எங்களை நடத்திக் கூட்டிப்போனார். அது துட்டகைமுனுவின் நினைவிடம் என்று பின்னாளில் தொல்லியல் அறிஞர் பரணவிதான கருதியதையும் அங்கேயே சொன்னார். மாணவர்கள் இரு பக்கமாகப் பிரிந்து ஒரு மணி நேரம் வாதாடினார்கள். வகுப்பில் ஒரு வருடம் கத்தியும் எனக்குக் கிடைக்காத வாதம் அது.

இவை தானாக நடந்துவிடவில்லை. புறப்படுவதற்கு முன் இரண்டு மாதம், சனிக்கிழமைதோறும், போகப்போகும் இடங்களின் கல்வெட்டு வாசகங்களை அச்சுப் பிரதியிலிருந்து படித்தோம். சோழர் கால எழுத்தை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்தேன். படிக்காமல் போகிற குழுவுக்கு எல்லா இடிபாடும் ஒரே இடிபாடுதான். உங்கள் மகளின் கல்லூரியில் முன்கூட்டி என்ன படிக்க வைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் கடன் வாங்காதீர்கள்.

பயண நிரலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்களுக்குப் பயண முகவர் முதலில் கொடுத்த தாளில் ஐந்து நாளில் பதினான்கு இடங்கள் இருந்தன. கண்டி, நுவரெலியா, யானைக் காப்பகம், ரத்தினக் கடை எல்லாம் அதில் அடக்கம். ரத்தினக் கடையை முதலில் அடித்தேன். கடைசியில் கொழும்பு அருங்காட்சியகம், அநுராதபுரம், சிகிரியா, பொலன்னறுவை ஆகிய நான்கு மட்டும் நின்றன. நுவரெலியா போகவில்லை என்று பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல்லின் முன்னால் மட்டும் ஒரு மணி நேரம் நின்றோம். காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை செலுத்தியதைச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலே இருக்கிறது. சீனாவிலிருந்து புறப்பட்ட ஒருவர் இலங்கைத் துறைமுகத்தில் வைப்பதற்காகத் தமிழில் கல் வெட்டியிருக்கிறார் என்றால், அந்தக் கடலில் தமிழுக்கு என்ன இடம் இருந்திருக்க வேண்டும்! கல்லின் தலைப்பில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே இருக்கின்றன. எழுத்து நிறையவே தேய்ந்திருக்கிறது. ஆனாலும் ஒரு மாணவி கண்ணாடிக்கு மிக அருகில் குனிந்து, அச்சுப் பிரதியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்து, ஓர் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதன்மேலிருந்து கண்ணை எடுக்காமல் மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள். கண்ணை எடுத்தால் எழுத்து தொலைந்துபோகும் என்ற பயம்.

சிகிரியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். ஓவியங்களைப் படம் எடுக்க அனுமதி இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இருப்பதால், மூட்டுவலி உள்ள ஆசிரியர் கீழேயே இருப்பது நல்லது.

தவறு நடந்ததையும் சொல்ல வேண்டும். நாங்கள் அநுராதபுரத்துக்குப் போன நாள் பொசொன் பௌர்ணமிக்கு முந்தைய நாள். மகிந்த தேரர் பௌத்தத்தைக் கொண்டுவந்த நாள் என்று நாடு முழுவதும் கொண்டாடுகிறார்கள். அதிலும் அநுராதபுரத்திலும் மிகிந்தலையிலும் வெள்ளை உடை மனிதக் கடல். நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் அறைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். முகவர் தொலைபேசியை எடுக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்கு இருபத்தாறு பிள்ளைகளோடு, அதில் பதினைந்து பெண் பிள்ளைகளோடு, தெருவில் நின்றேன். அந்த நேரத்து வயிற்றுக் கலக்கத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பௌர்ணமி நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி குறித்தது என் பிழை. நீங்கள் யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பக்கத்தில் 'தன்சல்' பந்தல் ஒன்று இருந்தது. பண்டிகைக்கு வருகிற யாருக்கும் இலவசமாகச் சோறு போடும் பந்தல், நம் ஊர் அன்னதானம் போல. வரிசையில் நிற்கத் தயங்கி நின்ற எங்களை ஒரு வயதான அம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார். சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி. பிறகு வில்வப் பூவைக் கொதிக்க வைத்து இறக்கிய ஒரு குடிநீர், கூடவே கடிக்கக் கருப்பட்டித் துண்டு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டவருக்கு வழிகாட்டி "தஞ்சாவூர்ப் பக்கம்" என்று சொன்னார். அவர் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். அன்று மதியம்தான் சோழர் சூறையாடிய கதையைக் கேட்டிருந்தோம். மன்னார்குடிப் பையன் அந்தச் சோற்றை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். வழிகாட்டியின் உறவினர் வழியாக ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து, பாய் விரித்துப் படுத்தோம்.

பொலன்னறுவையைத்தான் நான் நெஞ்சில் வைத்திருக்கிறேன். சோழர்கள் தலைநகராக்கி, ஜனநாதமங்கலம் என்று பெயரிட்ட ஊர். சோழ அரசியின் பெயரால் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் அங்கே இருக்கிறது. அடி முதல் சிகரம் வரை கல்லாலேயே கட்டிய சிறிய கோயில். தஞ்சை விமானத்தை நிமிர்ந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு குழந்தை. சுவரில் தமிழ்க் கல்வெட்டு. கருவறைக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன பூவும், அணைந்துபோன அகல் ஒன்றும் இருந்தன. சோழரை 1070இல் விரட்டிய சிங்கள அரசன் விஜயபாகு இந்த ஊரையே தனக்கும் தலைநகராக்கிக்கொண்டான். ஆனால் கோயில் நிற்கிறது.

அங்கிருந்து நடந்து போய் வேளைக்காரர் கல்வெட்டைப் பார்த்தோம். விஜயபாகுவின் படையில் இருந்த தென்னிந்திய வீரர்களான வேளைக்காரர்கள், சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது ஒருமுறை கலகம் செய்தவர்கள். அதே வேளைக்காரர்கள், அவன் இறந்த பிறகு, புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலுக்குத் தாங்களே காவல் என்று தமிழில் எழுதி வைத்த உறுதிமொழி இந்தக் கல். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் என்று தங்கள் பிரிவுகளை எல்லாம் வரிசையாகச் சொல்லிக் கையடித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பௌத்தப் பள்ளிக்கே 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரை வைத்துவிட்டார்கள். வெயிலில் நின்று மாணவர்கள் ஆளுக்கு ஒரு வரியாக அச்சுப் பிரதியை உரக்கப் படித்தார்கள். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முப்பது ஆண்டுகளாக இந்தக் கல்லைக் காட்டி வருகிறேன், இதை இதன் மொழியில் யாரும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை என்றார்.

வேலை சம்பந்தமானவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டை நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். எங்கள் மாணவி ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. அதைத் திருத்தவே இரண்டு மாதம் போயிற்று. தொல்லியல் இடங்களில் இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். விகாரைகளில் காலணியோடு தொப்பியையும் கழற்ற வேண்டும். கல்தரை மதியத்தில் கொதிக்கும் என்பதால் காலுறை கொண்டுபோவது நல்லது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள், பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

திரும்பி வந்த மறுவாரம் அந்த மன்னார்குடிப் பையன் துறை நூலகத்தில் தஞ்சைக் கல்வெட்டுத் தொகுதியை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியலில் ஈழத்து ஊர்களும் இருக்கின்றன. அவன் விரல் 'கொட்டியாரம்' என்ற பெயரில் நின்றிருந்தது. "இது திருகோணமலைப் பக்கம், மேடம். அந்த ஊர் நெல் நம் கோயிலுக்கு வந்திருக்கிறது. அங்கே இருந்தவர்கள் இதைப் பற்றி என்ன சொல்வார்கள்?" என்றான். அடுத்த பயணத்துக்கான தாளில் முதல் ஊராக அதைத்தான் எழுதி வைத்திருக்கிறோம்.