கொரிய நாடகங்கள் கடைசி இரண்டு எபிசோடில் சொதப்புவது ஏன்? எழுத்தாளர்களுக்குக் கதையை முடிக்கத் தெரியாதா?

அந்த இரண்டாவது வரி மட்டும் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிருப்பேன்.

நீங்கள் அநேகமாக ரிப்ளை 1988 பார்த்து முடித்த கையோடு வந்திருக்கிறீர்கள். தொக்-சுன் என்ற பெண் கூட வளர்ந்த பையன்களில் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று கடைசிவரை ஊகிக்க விடுகிற தொடர் அது. நீங்கள் அந்தப் பையன்களில் ஜங்-ஹ்வான் கட்சி. பதினெட்டாவது எபிசோடில் அவன் அவளிடம் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, எல்லாம் சும்மா விளையாட்டு என்று சிரித்து, மோதிரத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனதும் ரிமோட்டைத் தூக்கி எறியத் தோன்றியிருக்கும். என் கணிப்பு தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொனியில் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். (தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளவும். தொக்-சுன்னின் கணவன் யார் என்று சொல்லத்தான் போகிறேன். 2016 ஜனவரியில் முடிந்த தொடர், அப்புறம் வந்து திட்டக் கூடாது.)

நான் விமர்சகன் இல்லை. கொரிய மொழி தெரியாது, சப்டைட்டில் போட்டுத்தான் பார்க்கிறேன். புதுயுகம் தொலைக்காட்சியில் கொரியாக்காரர்கள் தமிழ் பேச ஆரம்பித்த காலத்தில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்துப் பிடித்த பழக்கம் இது. ஆனால் சில வருஷங்கள் சென்னையில் மெகா தொடர்களுக்கு வசன உதவியாளனாக வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன். சீரியல் எழுதியவனுக்கெல்லாம் என்ன தெரியும் என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

முடிக்கத் தெரியாது என்கிறீர்கள். அதே தொடரின் இரண்டாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள். தொக்-சுன்னின் பாட்டி இறந்துவிடுகிறாள். பிள்ளைகள் அழுதுகொண்டே ஊருக்குப் போகிறார்கள். போய்ப் பார்த்தால் சாவு வீட்டில் அப்பாவும் அத்தைகளும் வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். பெற்ற தாய் செத்துக் கிடக்கும்போது இவர்களுக்குச் சிரிப்பு எப்படி வருகிறது என்று அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. கடைசியில் அமெரிக்காவிலிருந்து பெரியப்பா வந்து வாசலில் நிற்கிறார். அவ்வளவுதான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவரைக் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். யார் எங்கே எப்போது உடைய வேண்டும் என்று தெரிந்த கை எழுதியது அது. எழுதிய லீ வூ-ஜங் வெரைட்டி நிகழ்ச்சிகளில் இருந்து வந்தவர். ஒவ்வொரு வாரமும் ஒரு கதையை எடுத்து அந்த வாரமே முடித்துப் பழகியவர். இவருக்கா முடிக்கத் தெரியாது?

என் கட்சி இதுதான்: கடைசி இரண்டு எபிசோடில் எதுவும் கெடுவதில்லை. ஆறாவது ஏழாவது எபிசோடில் பார்ப்பவர்களிடம் சொன்ன பொய்க்கு அங்கே வட்டி கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. எந்தக் கதையும் எதையாவது மறைத்துத்தான் ஆக வேண்டும். தொக்-சுன் யாரைக் கட்டிக்கொண்டாள் என்பதை இருபது எபிசோடுக்கு மறைத்தார்கள், அதில் தப்பில்லை. 2012இல் வந்த ரிப்ளை 1997, 2013இல் வந்த ரிப்ளை 1994 இரண்டிலும் இதே ஆட்டம்தான். கடைசியில் கணவன் என்று தெரியவருகிற தேக் பக்கம் இருந்த ஜாடைகளும் நேர்மையானவை. திரும்பப் பார்த்தால் பெய்ஜிங் பயணத்திலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் நடுநடுவே வருகிற இன்றைய காலத்துப் பேட்டிக் காட்சிகள் இருக்கிறதே, அங்கேதான் எனக்குப் பிரச்சினை. மனைவியைக் கிண்டல் செய்துகொண்டு, விட்டேற்றியாகப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நடுத்தர வயதுக் கணவன் அப்படியே ஜங்-ஹ்வான். ஷூ லேஸ்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத, அதிர்ந்து பேசாத தேக் எப்படி இந்த ஆள் ஆனான்? நடித்த கிம் ஜூ-ஹ்யுக் மேல் ஒரு குறையும் இல்லை, அவரிடம் கொடுத்த பேப்பர் அப்படி. வயசானால் மனுஷன் மாறுவான் என்று தேக் கட்சிக்காரர்கள் சொல்வார்கள். மாறுவான் சார். அந்த மாற்றத்தை எனக்கு ஒரு காட்சியாவது காட்ட வேண்டாமா? அந்தப் பேட்டிகளின் ஒரே வேலை என்னை ஏமாற்றுவது. அதற்குப் பிறகு 19, 20இல் ஜங்-ஹ்வானை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக நிறுத்திவிட்டார்கள். கடைசி எபிசோடு சராசரி 18.8 சதவீதம், அன்றைக்குக் கேபிள் சேனலில் யாரும் பார்த்திராத எண். அதனால் அவர்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், இதே கூத்து எங்கள் தொடரில் நடந்தது.

பெயர் வேண்டாம். கூட்டுக் குடும்பக் கதை, இரண்டு மருமகள்கள், பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரம் காணாமல் போகிறது. எடுத்தது சின்ன மருமகள். ஒன்லைன் (கதைச் சுருக்கம்) எழுதிய அன்றே முடிவான விஷயம். எங்கள் வசனகர்த்தா (நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) அதற்கேற்ற மாதிரி ஒவ்வொரு சீனிலும் அவளுக்குக் கொஞ்சம் மழுப்பலாகவே வசனம் வைத்துக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் போனது. அப்புறம் சின்ன மருமகளாக நடித்த பெண்ணுக்கு ரசிகர் பக்கங்கள் முளைத்துவிட்டன. ஒரு வியாழக்கிழமை, ரேட்டிங் வந்த கையோடு, சேனலிலிருந்து கூப்பிட்டார்கள்.

“அண்ணே, சின்னவளை நெகட்டிவ் ஆக்க முடியாது. பத்திரத்தை எடுத்தது பெரியவள்னு மாத்திடுங்க.”

அண்ணன், “மேடம், பெரியவ பூஜை ரூம்ல தனியா நின்னு அழுத சீன் டெலிகாஸ்ட் ஆயிடுச்சே” என்றார்.

“அதெல்லாம் யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?”

அந்த சீனை எழுதியதே நான்தான். பெரிய மருமகள் விளக்கேற்றிவிட்டு, “பத்திரத்தை எடுத்தது யாருன்னு நீதான் எனக்குக் காட்டிக் குடுக்கணும்” என்று முருகன் படத்துக்கு முன்னால் அழுவாள். அறையில் வேறு யாரும் கிடையாது. இப்போது அவளே திருடி என்றால், ஆளில்லாத அறையில் சாமியிடம் எதற்கு நாடகம் ஆடினாள்? வளசரவாக்கத்து ஷூட்டிங் பங்களா மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணனும் நானும் ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளாஷ்பேக் பண்ணினோம்: கதவுக்குப் பின்னால் மாமியார் நிற்கிறாள், அது தெரிந்துதான் பெரியவள் அழுதாள். மறுநாள் காலை மாமியாரைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி ஒரு ஷாட் எடுத்து ஒட்டினார்கள்.

யாருக்கும் ஞாபகம் இருக்காது என்றார்களே. தஞ்சாவூரிலிருந்து என் பெரியம்மா போன் பண்ணினாள். “ஏன்டா, அந்த வெள்ளிக்கிழமை மாமியார்க்காரி கோயிலுக்குல்ல போயிருந்தா? கதவுக்குப் பின்னாடி எப்புடிடா வந்தா?” அந்த வயதில் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பவள், எங்கள் கண்டினியூட்டி முழுவதையும் மனசில் வைத்திருக்கிறாள். அதன்பிறகும் தொடர் நெடுநாள் ஓடியது. பெரியம்மா மட்டும் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கொரியாவில் இப்படி நடக்காது, அவர்கள் எல்லாம் முன்கூட்டியே எழுதி முடித்துவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கேயும் காலங்காலமாக அன்றைக்கு எடுக்கிற காட்சிக்கு அன்றைக்குத்தான் பேப்பர் வரும். வாரத்துக்கு இரண்டு எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், அதற்குமேலும் போகும். ஒளிபரப்பு ஓட ஓட எழுதுவார்கள், ரசிகர்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டு மாற்றியும் எழுதுவார்கள். 2018இல் வாரத்துக்கு 52 மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தபிறகு நிலைமை மாறியிருக்கிறது.

நேரம் கொடுத்தால் முடிவு சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2016இல் வந்த டிசண்டண்ட்ஸ் ஆஃப் த சன் ஒளிபரப்புக்கு முன்பே முழுக்க எடுத்து முடித்த தொடர். சீனாவிலும் அதே நேரத்தில் காட்ட வேண்டும், அங்கே தணிக்கைக்கு முழுத் தொடரையும் கொடுக்க வேண்டும் என்பதால் அப்படி. என்ன ஆச்சு? செத்துவிட்டான் என்று எல்லோரும் அழுத நாயகன் கடைசியில் பாலைவனத்தில் நடந்து வருகிறான். நடுவில் ஒரு காட்சியில் இன்னொரு காதல் ஜோடி காரைத் தானே ஓடும்படி விட்டுவிட்டு முத்தம் கொடுக்கிறார்கள். அது காதலுக்காக எழுதிய காட்சியா, கார் கம்பெனிக்காக எழுதிய காட்சியா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கிம் உன்-சுக் இணைந்து எழுதியது. அவர் பங்கு இருந்த இன்னொரு தொடர் 2004இல் வந்த லவ்வர்ஸ் இன் பாரிஸ். கடைசி எபிசோடில் பார்த்ததெல்லாம் ஒரு பெண் எழுதிய கதை என்று முடித்து, கொரியாவே கொந்தளித்தது. 2022இல் ரீபார்ன் ரிச் முடிந்தபோதும் கிட்டத்தட்ட அதே கூப்பாடு.

சரியாக முடிந்ததற்கு உதாரணம் கேட்டால் மை மிஸ்டர் என்பேன். பார்க் ஹே-யங் எழுதி 2018இல் வந்தது. கடனில் மூழ்கிய ஒரு தற்காலிக ஊழியப் பெண், காது கேளாத பாட்டியை வைத்துக் காப்பாற்றுகிறாள். பணத்துக்காகத் தன் மேலதிகாரியின் போனை ஒட்டுக் கேட்கிறாள். ஆளும் நாற்பத்தைந்து, பெண்ணும் இருபத்தொன்று என்றதும் தொடங்கும்போதே இது காதல் கதையா என்று சண்டை கிளம்பிவிட்டது. அந்த எழுத்தாளர் நினைத்திருந்தால் ‘சேர்வார்களா மாட்டார்களா’ என்று பதினாறு எபிசோடு இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. ஒரு மனுஷனின் அந்தரங்கம் முழுவதையும் திருட்டுத்தனமாகக் கேட்டவள், அது அவனுக்குத் தெரியவரும்போது என்ன ஆவாள் என்ற ஒரே கேள்விதான். அதை முதலிலேயே நம் கையில் கொடுத்துவிடுகிறார். அவனுக்கும் தெரியவருகிறது. இத்தனையும் கேட்டபிறகும் என் பக்கம் நின்றாயே என்று அவளிடம் நன்றி சொல்கிறான். அந்தக் காட்சிக்கு என் மனைவி, “ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அங்கே கதை முடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் விடைபெறுதல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், விட்டால் இதைச் சொல்ல வேறு இடம் கிடைக்காது. அங்கே ஒரு தொடர் வருவதற்கு முன்பே ‘இன்னார் எழுதும் அடுத்த நாடகம்’ என்று எழுத்தாளர் பெயரைச் சொல்லித்தான் செய்தி வரும். நம் பக்கம் தொடரில் வசனகர்த்தா பெயர் பட்டை மாதிரி ஓடி மறையும், உதவியாளன் பெயர் அதுவும் கிடையாது. இப்போது ஓடிடியில் எபிசோடு முடிந்த அடுத்த நொடியே ‘அடுத்த எபிசோடு’ பொத்தான் வந்து பெயர்களைச் சின்னப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறது. அந்தப் பத்திரத் தொடர் முடிந்தபோது கடைசி ஷெட்யூலுக்கான பணத்தைத் தயாரிப்புக் கம்பெனி எனக்குத் தரவே இல்லை. மேனேஜரைப் பார்க்கப் போனால், “தம்பி, உங்க பேரு லிஸ்ட்லயே இல்லியே” என்றார். பெயர் போட்டிருந்தால் அல்லவா லிஸ்டில் இருக்கும்? அண்ணன் தன் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டேன். இதற்கும் கொரியாவுக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும், கீழே வந்து எழுத வேண்டாம்.

ஜங்-ஹ்வானுக்காகக் கோபப்பட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மொத்தமாக ‘எழுத்தாளர்கள்’ என்று சொல்லாமல் லீ வூ-ஜங் என்று பெயர் சொல்லியே திட்டுங்கள், அந்தப் பேட்டிக் காட்சிகளைக் குறிப்பிட்டுத் திட்டுங்கள். எங்கள் பெரிய மருமகள் விஷயத்தில் பெரியம்மா திட்ட நினைத்தபோது, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் அவளுக்கு என் நம்பர்தான் கிடைத்தது.